தனியாக ஒரு மாதம்... பிரான்ஸில் எந்த ஊர்?

பிரான்ஸில் ஒரு மாதம் தனியாகத் தங்கிவிட்டு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் செய்வது ஒன்றுதான், போட்டோ பார்ப்பது. மலை விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கும் கல் வீடுகள், ஜன்னலில் சிவப்புப் பூக்கள், கீழே வளைந்து ஓடும் ஆறு. பார்த்த மாத்திரத்தில் ‘இந்த ஊர்தான்’ என்று மனசு முடிவு செய்துவிடும். வீடு பேசி, முன்பணம் கட்டி, டிக்கெட்டும் எடுத்த பிறகுதான் தெரியவரும், அங்கே பால் வாங்கக்கூடக் கார் வேண்டும் என்று.

நாலு நாள் சுற்றுலா என்றால் இது பெரிய தப்பில்லை. சமாளித்துவிடலாம். ஒரு மாதம் தனியாகத் தங்குவது வேறு கதை. பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. ஜுரம் வந்தால் கஞ்சி வைத்துக்கொடுக்கவும் ஆள் கிடையாது. பல வருஷம் சேர்த்த பணமும், கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய லீவும் அதில் இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே எங்கே தங்கப்போகிறார் என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். ‘போய் இறங்கிவிட்டு, பிடித்த ஊரில் தங்கிக்கொள்ளலாம்’ என்பதெல்லாம் நடக்காது. ஊரை இங்கிருந்தே சரியாகத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது? தென்மேற்கு பிரான்ஸில் இருக்கும் லோட் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். சுண்ணாம்புக் கல் மேடுகள், ஓக் மரக் காடுகள், லோட் ஆறு, அதில் வந்து சேரும் செலே என்ற சின்ன ஆறு. பெரிய நகரமே இல்லாத மாவட்டம் இது. அமைதி தேடிப் போகிறவருக்கு ஏற்ற இடம்தான். ஆனால் இங்கேயே தப்பான ஊரும் இருக்கிறது, சரியான ஊரும் இருக்கிறது.

முதலில் கண்ணில் படுவது சேன் சீர் லபோப்பி. ஆற்றுக்கு மேலே செங்குத்தான பாறை மீது அடுக்கி வைத்தது போல ஒரு கிராமம். கவிஞர் ஆந்த்ரே ப்ரெதோன் 1951-ல் இங்கே வீடு வாங்கிக் கோடைக்கெல்லாம் வந்து தங்கினார். 2012-ல் பிரெஞ்சு டெலிவிஷன் நிகழ்ச்சி ஒன்றில் மக்கள் ஓட்டுப் போட்டு, நாட்டுக்கே பிடித்த கிராமமாக இதைத் தேர்ந்தெடுத்தார்கள். அழகில் குறையே சொல்ல முடியாது. ஆனால் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் சுமார் 200 பேர்தான். ரயில் கிடையாது. ஜூலை, ஆகஸ்டில் சந்துகளில் ஆளோடு ஆள் உரசிக்கொண்டு நடக்க வேண்டும். நவம்பரில் போனால் பெரும்பாலான கதவுகளில் பூட்டு. கூட்டமும் வேண்டாம், சூன்யமும் வேண்டாம் என்கிறவருக்கு இரண்டுமே கிடைக்கும் ஊர் இது.

அடுத்தது ரொக்கமதூர். பாறைச் சுவரில் கோயிலும் வீடுகளும் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும் புனிதத் தலம். 216 படி ஏறி மேலே போக வேண்டும். இதற்கு ரயில் நிலையம் உண்டு. பெயரிலும் ரொக்கமதூர் இருக்கிறது. ஆனால் நிலையம் ஊரிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் தள்ளி. பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கிற தூரமா அது? பகல் முழுக்க யாத்ரீகர்களும் சுற்றுலாப் பஸ்களும். சாயங்காலம் பஸ்கள் கிளம்பிவிட்டால் நினைவுப் பொருள் கடைகளின் ஷட்டர் சத்தம் கேட்கும். அதன் பிறகு ஒன்றும் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ‘பிரான்ஸின் மிக அழகான கிராமங்கள்’ என்று ஒரு சங்கம் இருக்கிறது. 1982-ல் கொலோன்ஜ் லா ரூஜ் கிராமத்து மேயர் ஷார்ல் செய்ராக் ஆரம்பித்தது. அந்தப் பட்டியலைப் பார்த்து ஊர் தேடுகிறவர்கள் நிறையப் பேர். அதில் சேர ஒரு நிபந்தனை, மக்கள்தொகை 2,000-ஐத் தாண்டக் கூடாது என்பது. அதாவது ஆஸ்பத்திரி, சினிமா, ரயில், நாலு பேக்கரி எல்லாம் வைத்திருக்கக்கூடிய ஊர் அந்தப் பட்டியலுக்குள் நுழையவே முடியாது. பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு அருமையான பட்டியல். ஒரு மாதம் தங்குகிறவர் அதை மூடி வைத்துவிடுவது நல்லது.

பதிலாக அவர் பார்க்க வேண்டியது அரசாங்கப் பட்டியலை. பிரான்ஸில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு தலைநகர் உண்டு. அதற்குக் கீழே ‘சூ ப்ரெஃபெக்தூர்’ என்று ஒன்றிரண்டு ஊர்கள் இருக்கும். தமிழ்நாட்டில் சப்-கலெக்டர் ஆபீஸ் இருக்கும் ஊர்களைப் போல. அழகு ராணிப் போட்டியில் இவை ஜெயிப்பதில்லை. ஆனால் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் மருந்து வாங்கவும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும், சந்தைக்கும் இங்கேதான் வருவார்கள். டூரிஸ்ட் வந்தாலும் வராவிட்டாலும் ஊர் தன் பாட்டுக்கு நடக்கும்.

லோட் மாவட்டத்தில் தலைநகர் காஓர். அதற்குக் கீழே இரண்டு ஊர்கள், கூர்தோன், ஃபிஜாக். செலே ஆற்றங்கரையில் இருக்கும் ஃபிஜாக்தான் இந்தக் கணக்குக்கு அப்படியே பொருந்துகிறது.

மக்கள்தொகை கிட்டத்தட்ட பத்தாயிரம். துலூஸிலிருந்து நேர் ரயிலில் இரண்டரை மணி நேரம் போல ஆகும். பாரிஸிலிருந்து வந்தால் ப்ரீவ் என்ற ஊரில் மாற வேண்டும், மொத்தம் சுமார் 6 மணி நேரம். பாரிஸ் ஆஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து ரொடேஸ் போகும் இரவு ரயிலும் இந்த வழியாகத்தான் போகிறது. பாதையில் வேலை நடந்தால் அதைச் சில காலம் நிறுத்திவிடுவார்கள் என்பதால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். நிலையத்திலிருந்து ஆற்றைத் தாண்டினால் பழைய ஊர். நடந்தே போய்விடலாம்.

பழைய ஊர் என்றால் நிஜமாகவே பழைய ஊர். இடைக்கால வணிகர்கள் மணற்கல்லில் கட்டிய வீடுகள் வரிசையாக நிற்கின்றன. கீழே வளைவு வைத்த கடை, மேலே குடியிருப்பு, அதற்கும் மேலே கூரைக்கு அடியில் பக்கவாட்டில் திறந்த ஒரு மாடம். ‘சொலெய்யோ’ என்று உள்ளூரில் பெயர். துணி, பழம், தோல் எல்லாம் காயப்போட்ட இடம். மொட்டை மாடி இல்லாத ஊரில் வடகம் காயப்போட இப்படித்தான் ஒரு வழி கண்டுபிடித்திருப்பார்கள் போலும்.

ஆனால் ஃபிஜாக் பிழைப்பது இந்தக் கல் வீடுகளால் இல்லை. விமான உதிரி பாகங்களால்! ரத்தியே என்ற தொழிற்சாலை இங்கே விமானப் புரொப்பல்லர்கள் செய்கிறது. ஏர்பஸ் ஏ400எம் ராணுவ விமானத்தின் பிரம்மாண்டமான எட்டு இலைப் புரொப்பல்லர் இந்தச் சின்ன ஊரின் தயாரிப்புதான். இதுபோக ஃபிஜாக் ஏரோ என்று இன்னொரு கம்பெனி. பிரான்ஸில் அமைதியான ஊர் தேடுகிறவருக்குத் தொழிற்சாலை எதற்கு என்று தோன்றலாம். அதுதான் முக்கியம். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற ஆட்கள் ரொட்டி வாங்க வேண்டும். அதனால் ஜனவரியிலும் பேக்கரி திறந்திருக்கும். ஆஸ்பத்திரி இருக்கிறது. பொது நூலகம் இருக்கிறது. சினிமா தியேட்டருக்கு ஷார்ல் புவாயே என்று பெயர். ஹாலிவுட்டில் கொடிகட்டிப் பறந்த அந்த நடிகர் 1899-ல் இதே ஊரில் பிறந்தவர். போஸ்டரில் ‘வி.ஓ.’ என்று போட்டிருந்தால் படம் அதன் சொந்த மொழியில், பிரெஞ்சு சப்டைட்டிலோடு ஓடும். ‘வி.எஃப்.’ என்றால் பிரெஞ்சு டப்பிங். மழை பெய்யும் ஒரு சாயங்காலத்தில் இந்த இரண்டு எழுத்துகள் தெரிந்திருப்பது பெரிய உபகாரம்.

ஊரில் தனியாள் என்றால் விசித்திரமாகப் பார்ப்பார்களோ என்ற தயக்கம், முக்கியமாகப் பெண்களுக்கு, இருக்கத்தான் செய்யும். சில ஊர்களில் ராத்திரி ஹோட்டலில் ‘ஒருத்தர்தானா?’ என்று கேட்டுவிட்டு, கழிவறை பக்கத்து மேஜையைக் காட்டுவார்கள். ஃபிஜாக்கில் அந்தக் கேள்விக்கு வேலை குறைவு. லெ புய் என்ற ஊரிலிருந்து ஸ்பெயினில் இருக்கும் சாண்டியாகோவுக்குப் போகும் புராதன யாத்திரைப் பாதை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களைப் போல, முதுகில் பையும் அதில் ஒரு சிப்பியும் தொங்க, வசந்த காலத்திலிருந்து இலையுதிர் காலம் வரை ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். லெ புய்யிலிருந்து இங்கே வந்து சேர பத்துப் பன்னிரண்டு நாள் நடை. அவர்களில் எத்தனையோ பேர் தனியாக நடப்பவர்கள். அறுபது வயதுக்காரர்கள், வேலையை விட்டவர்கள், துணையை இழந்தவர்கள் என்று பலவிதம். அதனால் ஒற்றை ஆளுக்கு ஒரு தட்டு வைப்பது இந்த ஊர்க் கடைகளுக்குப் புதிதில்லை. பேச வேண்டும் என்று தோன்றினால் பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு யாத்ரீகர் கிடைப்பார். மறுநாள் அவர் கிளம்பிப் போய்விடுவார். தனிமை விரும்பிக்கு அதுவும் சௌகரியம்தான்.

வாரத்தின் உச்சம் சனிக்கிழமைக் காலைச் சந்தை. சதுக்கங்களிலும் சந்துகளிலும் கடை விரித்துவிடுவார்கள். உள்ளங்கையில் அடங்கும் வட்டமான ரொக்கமதூர் ஆட்டுப்பால் சீஸ், வால்நட், வால்நட் எண்ணெய், கோடையில் முலாம்பழம். குங்குமப்பூவும் உண்டு! இந்தக் கெர்சி வட்டாரத்தில் இடைக்காலத்தில் குங்குமப்பூ விளைந்து, பிறகு வழக்கொழிந்து, சில பத்தாண்டுகளுக்கு முன்புதான் மறுபடி பயிரிட ஆரம்பித்தார்கள். அக்டோபரில் பூப் பறிப்பு. பாயசத்துக்கு ரெண்டு இழை வாங்கி வைத்துக்கொள்ளலாம், விலையைக் கேட்டு மயக்கம் போடாமல் இருந்தால்.

சாப்பாட்டு விஷயத்தில் மரக்கறிக்காரர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய ஊர் இது. வாத்து ராஜ்ஜியம். ‘சாலட்தானே’ என்று நம்பிக் கெர்சி சாலட் கேட்டால், கீரைக்கு மேலே வாத்தின் வறுத்த ஈரல்குலை வகையறா கம்பீரமாக உட்கார்ந்திருக்கும். சூடான ஆட்டுப்பால் சீஸ் வைத்த சாலட், ஆம்லெட், உருளைக்கிழங்கையும் சீஸையும் இழுக்க இழுக்க நீளும்படி கடைந்த அலிகோ ஆகியவை கைகொடுக்கும். சமையலறையோடு கூடிய வீடு எடுப்பது உத்தமம். அசைவக்காரர்களுக்கு ஒரு சுவாரசியம்: பக்கத்து அவெரோன் பகுதியில் குளிர்காலத்தில் ‘எஸ்தொஃபினாதோ’ என்று ஒன்று செய்வார்கள். வடகடலிலிருந்து வரும் காய்ந்த காட் மீனை நாள்கணக்கில் ஊறவைத்து, உருளைக்கிழங்கு, முட்டை, வால்நட் எண்ணெயோடு மசித்தது. கருவாட்டு வாசனையில் வளர்ந்தவருக்கு அந்தச் சமையலறை அந்நியமாக இருக்காது.

இத்தனையும் சரி. ஆனால் ஊரின் நிஜ முகம் தெரிவது சனிக்கிழமைச் சந்தையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. கடைகள் மூடியிருக்கும். திங்கள்கிழமையும் பல கடைகள் திறக்காது. மரக் கதவடைத்த ஜன்னல்களுக்குப் பின்னால் குடும்பங்கள் சாப்பிடும் சத்தம் தெருவரை கேட்கும். தட்டு, ஸ்பூன், குழந்தைச் சிரிப்பு. தெருவில் நடப்பவர் ஒருவர் மட்டும். தனியாகப் போனவர்கள் வீட்டை நினைத்துக்கொள்ளும் நேரம் இதுதான். முதல் ஞாயிறு பரவாயில்லை. மூன்றாவது ஞாயிறு கனக்கும். எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, இந்த ஊரில் அந்த மூன்று மணி நேரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான்.

ஃபிஜாக் அதற்குப் பதில் வைத்திருக்கிறது. எகிப்தின் சித்திர எழுத்துகளைப் படித்துக் காட்டிய ஷாம்போலியன் 1790 டிசம்பர் 23-ம் தேதி பிறந்தது இந்த ஊரில், ஒரு புத்தகக் கடைக்காரரின் மகனாக. 1822-ல் அவர் அந்தப் பூட்டைத் திறந்தார். ரொசெட்டா கல்லில் ஒரே அரசாணை சித்திர எழுத்து, டெமோட்டிக், கிரேக்கம் என்று மூன்று எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருந்தது. தெரிந்த கிரேக்கத்தை வைத்துத் தெரியாததைப் பிடித்தார். பத்தே வருஷத்தில், 41 வயதில், இறந்தும் போனார். அவர் பிறந்த வீடு இப்போது உலக எழுத்துகளின் அருங்காட்சியகம். முகப்பில் செப்புத் தகட்டில் ஆயிரம் எழுத்துகளை வெட்டி, பின்னால் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு சந்தில் நுழைந்தால், மூன்று பக்கமும் வீடுகள் சூழ்ந்த முற்றம். அதன் தரையே ரொசெட்டா கல்! ஜோசஃப் கொசூத் என்ற அமெரிக்கக் கலைஞர் 1991-ல் கறுப்புக் கிரானைட்டில் பிரம்மாண்டமாகப் படியெடுத்துப் பதித்தது. கதவு கிடையாது, டிக்கெட் கிடையாது. எழுத்துகளின் மேலேயே நடக்கலாம், படியில் உட்காரலாம். ஒரு எழுத்தும் புரியாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதும் சுகம்தான்.

அங்கிருந்து மேட்டில் ஏறினால் நோத்ர் தாம் து புய் தேவாலயம், அதன் முன்னால் நின்றால் ஊரின் ஓட்டுக் கூரைகள் முழுதும் தெரியும். இன்னும் நடக்கத் தெம்பிருந்தால் ஊருக்கு வெளியே இரண்டு கல் ஊசிகள் இருக்கின்றன. எட்டுப் பட்டை வைத்த உயரமான தூண்கள். எதற்காக நட்டார்கள் என்பது இன்றைக்கும் நிச்சயமாகத் தெரியாது.

வாரத்தில் ஒரு நாள் வெளியே போக ரயில் போதும். துலூஸ் பாதையில் வில்ஃப்ரான்ஷ் த ருவெர்க், அங்கே வியாழக்கிழமைச் சந்தை. ப்ரீவ் பாதையில் அசியே என்ற குட்டி ஊர், முதலாம் ஃப்ரான்சுவா மன்னனின் பீரங்கிப் படைத் தலைவர் கட்டிய கோட்டை; அவர் கட்டிய தேவாலயத்தின் சுவரைச் சுற்றியும் பீரங்கிதான் செதுக்கியிருக்கிறது. குறை என்று சொன்னால், பேஷ் மெர்ல் குகையும் கோங்க் தேவாலயமும் கார் இல்லாதவருக்கு எட்டாது. டாக்ஸிக்குக் கொடுக்கும் பணத்தில் நாலு நாள் சாப்பிடலாம். ஏதாவது ஒன்றுக்கு மட்டும் மனசைத் தேற்றிச் செலவழிக்கலாம்.

வீடு பிடிப்பதில் மூன்று இடங்களில் ஏமாறுவார்கள். ‘ஃபிஜாக் அருகே’ என்று விளம்பரம் இருந்தால் அது வயலுக்கு நடுவே எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். பழைய ஊரில் வீடு என்றால் எத்தனையாவது மாடி, படி எப்படி என்று கேட்க வேண்டும். சுழல் படிக்கட்டில் 23 கிலோ பெட்டியைத் தூக்கிப் பார்த்தவருக்கு இடைக்காலக் கட்டடக் கலையின் மீது இருந்த மரியாதை பாதியாகக் குறைந்துவிடும். குளிர் மாதமாக இருந்தால், ஹீட்டர் கரன்ட் வாடகையில் சேர்த்தியா தனியா என்பது மூன்றாவது.

மாதம்? மே, ஜூன் அல்லது செப்டம்பர், அக்டோபர். மே மாதத்தில் 1, 8 தேதிகள் விடுமுறை, அன்று கடைகளை நம்பக் கூடாது. ஜூலை, ஆகஸ்டில் வாடகையும் வெயிலும் ஏறும். டிசம்பரில் சாயங்காலம் ஐந்தரைக்குள் இருட்டிவிடும். ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளிலும் அதிகபட்சம் 90 நாள் தங்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

கடையில் நுழைந்ததும் ‘போன்ஜூர்’ சொல்லாமல் பொருளைக் கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. சொல்லிவிட்டு, பிறகு தப்புத் தப்பாகக் கேட்டாலும் மன்னித்துவிடுவார்கள். மத்தியானச் சாப்பாடு 12-லிருந்து ஒன்றரைக்குள். அதற்குப் பிறகு போனால் அடுப்பை அணைத்துவிட்டோம் என்பார்கள். மதியம் போர்டில் எழுதியிருக்கும் அன்றைய சாப்பாடு, ராத்திரி விலையைவிட மலிவு.

கடைசியாக, வந்து இறங்கும் நாள். பிரான்ஸில் பல வீடுகளைச் சனிக்கிழமை மாலையிலிருந்து அடுத்த சனிக்கிழமை வரை என்றுதான் வாடகைக்கு விடுவார்கள். அப்படி வருகிறவர் சாவி வாங்குவதற்குள் சந்தை கலைந்திருக்கும். அடுத்த நாள் ஞாயிறு, அதற்கடுத்த நாள் பாதிக் கடை மூடிய திங்கள். ஒரு மாதத்துக்கு எடுப்பவர் கேட்டால் வியாழன் அல்லது வெள்ளியில் ஆரம்பிக்க வீட்டுக்காரர் சம்மதிக்கக்கூடும். வெள்ளி மாலை பெட்டியை வைத்துவிட்டு, மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினால் எதிரே சந்தை. முட்டை, தக்காளி, ஒரு கைப்பிடி வால்நட், ரெண்டு சீஸ். ஞாயிறன்று எந்த பேக்கரி திறந்திருக்கும் என்பதை ரொட்டிக்காரரிடம் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.